குறைமாதக் குழந்தையா? தாய்ப்பால்தான் முதல் மருந்து!

‘ஏழாம் மாசக் குழந்தைகூட பொழச்சிடும்... எட்டாம் மாசக் குழந்தை பொழைக்காது!’

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு இது. எட்டாம் மாதத்தில் பிரசவமான பெண்ணின் காதில் இது விழுந்தால் எப்படியிருக்கும்? பாதி உயிர் அப்போதே போய்விடும்!

முதலில் இந்த பயத்தைத் தூக்கி எறியுங்கள். தாயின் வயிற்றில் குழந்தை கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபம்தான். 30 வாரத்தில் பிறந்த குழந்தையைவிட 34 வாரத்தில் பிறந்த குழந்தைக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ‘ஏழுக்கு உண்டு, எட்டுக்கு இல்லை’ என்பதெல்லாம் வெறும் பேச்சு.

‘பத்து மாதம் சுமந்து பெற்றேன்’ என்று நம் தாய்மார்கள் சொல்வது சரியான கணக்கு. 28 நாள் ஒரு மாதம் என்று வைத்தால் பத்து மாதம் என்பது 40 வாரம். இதில் 37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்துவிட்டால் அது குறைமாதக் குழந்தை. 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில்! ஆகவே, ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று எந்தத் தாயும் தன்னைத் தானே நொந்துகொள்ள வேண்டாம். ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, இரட்டைக் குழந்தை, நோய்த்தொற்று என்று காரணங்கள் பல. காரணமே தெரியாமலும் குறைமாதப் பிரசவம் ஆவதுண்டு.

இன்குபேட்டர், ஆக்ஸிஜன், ஊசி, மருந்து... இதையெல்லாம் டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மருந்து மட்டும் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. அது தாயிடம்தான் இருக்கிறது!

சின்ன உடம்பு... பெரிய சவால்

குறைமாதக் குழந்தைக்கு எடை மட்டும்தான் குறைவு என்று நினைக்காதீர்கள். உடம்பைச் சூடாக வைத்திருக்கும் கொழுப்பு தோலுக்கு அடியில் சேர்ந்திருக்காது. நுரையீரலும் குடலும் முழுதாக வளர்ந்திருக்காது. நோயை எதிர்க்கும் சக்தியைத் தாய் தன் ரத்தம் வழியாகக் குழந்தைக்கு அனுப்புவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். முன்கூட்டியே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தப் பங்கு முழுசாகக் கிடைத்திருக்காது.

அந்தப் பாக்கியைத் தீர்த்து வைப்பதுதான் தாய்ப்பால். குறிப்பாக, முதல் சில நாட்களில் மஞ்சளாக, கெட்டியாக வரும் சீம்பால். அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. உயிருள்ள வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. குடலின் உள்பக்கத்தில் ஒரு பூச்சு மாதிரி படிந்து, கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கின்றன. ‘கெட்ட பால், பீய்ச்சிக் கீழே விடு’ என்று இன்றும் சில வீடுகளில் சொல்கிறார்கள். கீழே விடுவது பாலை அல்ல, குழந்தையின் முதல் தடுப்பு மருந்தை!

இன்னொரு அதிசயம் கேளுங்கள். குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலும், நிறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலும் ஒன்றல்ல. முதல் சில வாரங்களுக்கு, குறைமாதத் தாயின் பாலில் புரதமும் உப்புச் சத்தும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் கூடுதலாக இருக்கும். இந்தக் குழந்தைக்கு எது தேவை என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தது மாதிரி! அதனால்தான் ‘பக்கத்து பெட் அம்மாவோட பால் வேண்டாம், உங்க பாலைக் கொண்டு வாங்க’ என்று நர்ஸ் விரட்டுகிறார்.

குடலைக் காக்கும் கவசம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் டாக்டர்கள் ரொம்பவே பயப்படும் ஒரு நோய் உண்டு. ‘என்.இ.சி.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குடலின் ஒரு பகுதி வீங்கி, அழுகி, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தையின் வயிறு திடீரென்று உப்பும். பச்சையாக வாந்தி வரும். மலத்தில் ரத்தம் போகும். ஆபரேஷன்வரை போய், உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்த நோய் யாருக்கு அதிகம் வருகிறது? 1990-ல் இங்கிலாந்தின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆலன் லூகாஸ், கோல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பதில் சொன்னார்கள். தாய்ப்பால் மட்டுமே பெற்ற குறைமாதக் குழந்தைகளைவிட, பால் பவுடர் மட்டுமே பெற்ற குழந்தைகளுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது! அதற்குப் பிறகு எத்தனையோ ஆராய்ச்சிகள் நடந்துவிட்டன. தாய்ப்பால் குடலைக் காக்கிறது என்ற முடிவு மட்டும் மாறவில்லை.

அடுத்து, மூளை. அதே லூகாஸ் குழுவினர், குறைமாதத்தில் பிறந்த சுமார் 300 குழந்தைகளை ஏழரை, எட்டு வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். தாயின் பால் கிடைத்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 8 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றார்கள். தாயின் படிப்பு, வீட்டு வசதி போன்ற வித்தியாசங்களைக் கழித்த பிறகும் இந்தக் கணக்கு நின்றது. 1992-ல் வெளியான முடிவு இது.

ரத்தத்தில் கிருமி பரவும் ஆபத்தும், குறைமாதக் குழந்தைகளின் பார்வையைப் பறிக்கும் விழித்திரைக் கோளாறும்கூட தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடம் குறைவாகவே காணப்படுகின்றன.

உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது?

நல்ல கேள்வி. பாலை உறிஞ்சணும், விழுங்கணும், நடுவில் மூச்சும் விடணும். இந்த மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை சுமார் 34 வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதற்கு முன்னால் நேரடியாக மார்பில் போட்டால் புரையேறலாம். அதற்காகத் தாய்ப்பால் கிடையாது என்று அர்த்தமில்லை! வழி வேறே, அவ்வளவுதான்.

32 வாரத்துக்கும் முன்னால் பிறந்த குழந்தைக்கு, வாய் அல்லது மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயில் தாய்ப்பால் கொடுப்பார்கள். 32 முதல் 34 வாரக் குழந்தைக்குப் பாலாடை. ஆமாம், நம் வீட்டுப் பரணில் கிடக்கிறதே, அதே பாலாடைதான்! சங்கு என்றும் சொல்வோம். ஆங்கில மருத்துவப் புத்தகங்களிலும் அதற்கு ‘பாலாடை’ என்றே பெயர். இதில் களைப்பில்லாமல் குழந்தை குடிக்கும். கொதிக்கும் நீரில் போட்டுச் சுத்தம் செய்வதும் சுலபம். 34 வாரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல மார்பில் போட்டுப் பழக்கலாம். இந்த வாரக் கணக்கு தோராயமானது. உங்கள் குழந்தைக்கு எப்போது எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

‘ரெண்டு சொட்டுதான் வருது சிஸ்டர்... இது எப்படிப் போதும்?’ என்று அழும் தாய்மார்களே, இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஆரம்பத்தில் கொடுப்பது ஒரு நாள் முழுதுக்குமே 10 முதல் 20 மில்லிதான்! இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால், ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகூட வராது. உங்களுக்கு வரும் அந்தச் சொட்டுகள் அதற்குப் போதும். ஒரு சொட்டுகூட வீண் இல்லை.

பால் எடுப்பது எப்படி?

குழந்தை வாய் வைத்து உறிஞ்சினால் பால் தானாக ஊறும். இங்கே குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் உறிஞ்சும் வேலையைத் தாயின் கைதான் செய்ய வேண்டும்.

1. பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள் ஆரம்பியுங்கள். சிசேரியனாக இருந்தாலும் சரி, படுத்தபடியே நர்ஸின் உதவியோடு எடுக்கலாம். தள்ளிப்போடப் போட பால் குறையும்.

2. அகன்ற வாய் கொண்ட எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள். கைகளை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. மார்பை லேசாகத் தடவிவிடுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் மேல்புறம் கட்டைவிரல், கீழ்ப்புறம் ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக லேசாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். அழுத்தி விட, அழுத்தி விட... பால் வரும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. வலித்தால் முறை தவறு என்று அர்த்தம்.

4. ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம். பிறகு மறுபக்கம். மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம்.

5. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. ராத்திரியிலும் கட்டாயம் எடுக்க வேண்டும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம்.

இப்படி விடாமல் செய்தால், இரண்டு வாரத்துக்குள் தினமும் அரை லிட்டர்வரை பால் எடுக்கும் தாய்மார்கள் உண்டு. பூண்டும், முருங்கைக்கீரையும், பால்சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள். உடம்புக்கு நல்லது. ஆனால் பால் ஊறுவதற்கு முதல் வழி, அடிக்கடி எடுப்பதுதான். பத்தியம் என்ற பெயரில் அரை வயிறும், தண்ணீர் கொடுக்காமல் இருப்பதும் வேண்டவே வேண்டாம்.

குழந்தை திருச்சியில்... தாய் பெரம்பலூரில்!

நம் பக்கத்தில் இதுதான் பெரிய சிக்கல். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அரியலூர் இப்போதைய மாவட்டமாகப் பிரிந்தது 2007-ல். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். அதற்கு முன்பெல்லாம் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்றால் திருச்சி, இல்லையென்றால் தஞ்சாவூர். இன்றும் ரொம்ப எடை குறைந்த குழந்தையை மேல்சிகிச்சைக்கு அங்கே அனுப்புவதுண்டு. பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். குழந்தை ஆம்புலன்ஸில் போய்விடும். தையல் போட்ட தாய் இங்கேயே இருப்பாள். ‘தீட்டுக் கழியட்டும், அப்புறம் போகலாம்’ என்று வீட்டார் சொல்வார்கள். பதினாறு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், மார்பில் பால் வற்றியிருக்கும்!

எனவே, வீட்டிலுள்ள ஆண்களே, மாமியார்களே... இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

முடிந்தவரை தாயையும் குழந்தையோடு சேர்த்தே அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். முடியாவிட்டால், தாய் இருக்கும் இடத்திலேயே பாலை எடுக்க ஆரம்பிக்கட்டும். குழந்தை இருக்கும் வார்டில் கேட்டு, அவர்கள் சொல்லும் சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் பாலைச் சேமியுங்கள். மேலே தாயின் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

எடுத்த பால் வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைக்கலாம். கதவுத் தட்டில் வேண்டாம், உள்பக்கமாக வையுங்கள். பஸ்ஸில் கொண்டு போகும்போது ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி அல்லது வாய் அகன்ற ஃபிளாஸ்க் போதும். அப்பாவோ, தாய்மாமாவோ தினமும் ஒரு நடை போனால் குழந்தைக்கு வேளை தவறாமல் பால் கிடைக்கும். புதிதாக எடுத்த சூடான பாலை, குளிர்ந்த பாலோடு கலக்காதீர்கள். அடுப்பில் காய்ச்சவே கூடாது. வெதுவெதுப்பான நீர் உள்ள பாத்திரத்தில் வைத்துக் குளிர் போக்கினால் போதும்.

பால் வராவிட்டால்?

தாய்க்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, அல்லது தாயே இல்லை... அப்போது என்ன செய்வது? இரண்டாவது வழி, தாய்ப்பால் வங்கி. நம் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். தமிழ்நாட்டில் 2014-ல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, திருச்சி, தஞ்சாவூர் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் வங்கிகள் தொடங்கப்பட்டன. ஆக, நம் இரண்டு மாவட்டத்துக்கும் பக்கத்திலேயே வங்கி இருக்கிறது.

தானம் கொடுக்கும் தாய்க்கு எய்ட்ஸ், மஞ்சள் காமாலை-பி, மேக நோய் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சேகரித்த பாலை 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவார்கள். பிறகு உறைய வைப்பார்கள். சூட்டில் சில நல்ல அணுக்கள் அழிந்துபோகும். அதனால் சொந்தத் தாயின் பாலுக்கு இது சமமில்லை. ஆனாலும் குடலைக் காப்பதில் பால் பவுடரைவிட இது மேல்.

தன் குழந்தை குடித்தது போக மிஞ்சும் பால் உள்ள தாய்மார்களே... நீங்களும் தரலாம். திருச்சிப் பக்கத்து இல்லத்தரசி ஒருவர் 2023 முதல் 2025 வரை 300 லிட்டருக்கு மேல் தானம் செய்திருக்கிறார். பால் கொடுத்தால் பால் குறையாது, ஊறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தாய்ப்பாலைக் காசுக்கு விற்பதும் வாங்குவதும் கூடாது. 2024-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு சென்னை மாதவரத்தில் பாட்டிலில் தாய்ப்பால் விற்ற ஒரு கடைக்கு சீல் வைத்தார்கள். பரிசோதனை செய்யாத பால், பாலாக இருக்காது. நோயாக இருக்கலாம்.

கங்காரு மாதிரி கட்டிக்கொள்ளுங்கள்

பால் ஊறவும், குழந்தை தேறவும் இன்னொரு சுலபமான வழி ‘கங்காரு பராமரிப்பு’. 1978-ல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே ஆரம்பித்த முறை இது. குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், இடுப்புத் துணி மட்டும் போட்டு, தாயின் இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்ந்தபடி வைத்துத் துணியால் கட்டிவிட வேண்டும். தோலோடு தோல். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நல்லது.

இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இப்படி வைத்ததில், குழந்தை இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது! தாய் களைத்துப்போனால் அப்பா வைத்துக்கொள்ளலாம். பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். வெட்கம் எதற்கு?

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்!

* சேனைத் தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர்: தேனில் உள்ள கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் ஆபத்து.

* கழுதைப் பால்: தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்கில் பீய்ச்சிக் கொடுப்பார்கள். காய்ச்சாத பால், கழுவாத கை. குறைமாதக் குடல் தாங்காது.

* வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர்: எதுவும் தேவையில்லை.

* பாட்டில், ரப்பர் காம்பு: கிருமியின் வீடு. குழந்தை மார்பை மறந்தும்விடும்.

* டாக்டர் சொல்லாமல் பால் பவுடர்: கூடாது.

அதே சமயம், தாய்ப்பால் கொடுக்கிறோமே என்று டாக்டர் தரும் சொட்டு மருந்துகளை நிறுத்திவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு வைட்டமின்-டி, இரும்புச் சத்து ஆகியவை தனியாகத் தேவைப்படும். ரொம்ப எடை குறைந்த குழந்தைக்கு, தாய்ப்பாலிலேயே கலந்து கொடுக்கும் சத்துப்பொடியும் தேவைப்படலாம். பிறந்து நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

‘அழுதா பால் கொடுக்கலாம்’ என்று காத்திருக்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுங்கள். நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்தால், எடை ஏறிக்கொண்டே வந்தால், பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் வாரம் பத்து நாள் எடை குறைவது சகஜம்தான்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, கை கால் சில்லிட்டாலோ, வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்கு போன் போடுங்கள்.

ஒரு கிலோவில் பிறந்து, குழாயில் ஒன்றிரண்டு மில்லி தாய்ப்பாலில் ஆரம்பித்து, பாலாடைக்கு வந்து, மார்புக்கு வந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள். குடும்பத்தில் அடுத்து யாருக்காவது குறைமாதத்தில் பிரசவமானால், ‘பொழைக்குமா?’ என்று கேட்காதீர்கள். ‘பால் எடுக்க ஆரம்பிச்சாச்சா?’ என்று கேளுங்கள்!